மின்சாரம் தீண்டாத கிடார்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் பாதி போர்வைக்குள் கிடக்கும் நேரம். ஆனால் மரச்சாமான் கடைக்கு மேலே போகும் அந்தக் குறுகலான மாடிப்படியில் மட்டும் கால் வைக்க இடம் இருக்காது. வக்கீல், பேராசிரியர், வரி அதிகாரி என்று ஆளாளுக்கு ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். படிக்காதவர்களை ஏமாற்ற மேடை வேண்டும், மைக் வேண்டும், கூட்டம் சேர்க்க ஆள் வேண்டும். படித்தவர்கள் அப்படித் தொல்லை கொடுப்பதில்லை. தலையணை உட்பட எல்லாவற்றையும் அவர்களே கொண்டு வந்துவிடுவார்கள்.

படி முடியும் இடத்தில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு மரப்பெட்டி. கைபேசி, கைக்கடிகாரம், டார்ச், கார் ரிமோட் எல்லாம் அதற்குள் போக வேண்டும். மின்சாரம் உள்ள ஒரு துரும்பும் உள்ளே வரக்கூடாது. போன மாதம் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்த ஒரு பெரியவர் வந்தார். அதைக் கழற்றிப் பெட்டியில் போட முடியாத குற்றத்துக்காக அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அந்த மாடியிலிருந்து தப்பித்த ஒரே ஆள் அவர்தான்.

உள்ளே நீளமான கூடம். முன்பு நடனப் பள்ளியாக இருந்த இடம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி, தரை முழுக்கக் கனத்த கம்பளம், நான்கு மூலையிலும் ஆள் உயரத் தோல் முரசு, ஒரு கோடியில் சுவருக்குச் சுவர் திரைச்சீலை. திரைக்கு முன்னால், மெழுகுவத்தி வெளிச்சத்தில், வெள்ளை உடையில் ஒலியார்.

ஒலியார் என்பது அவருக்கு அவரே சூட்டிக்கொண்ட பெயர். தொழில், காளான் கஷாயம். குடித்தால் மனசு திறக்கும், நிறங்கள் பேசும், சுவர் மூச்சு விடும் என்று உலகத்தில் பல இடங்களில் பலர் ஊற்றிக் கொடுக்கிற சரக்குதான். ஒலியாரின் திறமை கஷாயத்தில் இல்லை. கூட வைக்கிற பாட்டில் இருந்தது. கஷாயம் குடித்தவன் காதில் மின்சாரம் தொட்ட இசை விழுந்தால் தீர்ந்தது கதை என்பார். ஸ்பீக்கரில் வருவது இசையின் பிணம். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனசைத் திறந்தால் உள்ளே என்ன வரும்? பேய்தான் வரும். மரமும் தோலும் மூச்சும் விரலும் மட்டும்தான் உயிருள்ள ஒலி. ஒரே ஒரு தடவை மின்சாரத்துக்குள் போய்வந்துவிட்டால் அதற்குப் பிறகு அது ஒலியே இல்லை.

சாட்சிகளுக்குப் பஞ்சமா? வரி அதிகாரி வீட்டில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கஷாயம் குடித்தாராம். மாமனார் ஏழு தலையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாராம். மறுவாரம் மாடியில் கிடார் கேட்டபடி குடித்தபோது அதே மாமனார் ஒரே தலையோடு, அதுவும் சிரித்த முகத்தோடு வந்தாராம். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. இதற்குமேல் ஆதாரம் கேட்பவன் மனிதனா? மாமனாரை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

மின்சாரம் இல்லாத கிடார் இனிமையானதுதான். யாரும் மறுக்கவில்லை. கேட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம்கூட நன்றாக வரும். ஆனால் ஒரு பொருளை இனிப்பு என்று சொல்லி விற்பதைவிட, மற்றதெல்லாம் விஷம் என்று சொல்லி விற்பது சுலபம். ஒலியார் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாடிக்கு ஊர்ப் பல் டாக்டரை இழுத்துக்கொண்டு போனது அவருடைய சொந்தத் தங்கை. பேங்கில் கடன் பிரிவில் இருக்கிறாள். கடன் கேட்டு வருகிறவனை மூன்று தலைமுறைக்கு நோண்டிப் பார்க்கிறவள், ஒலியாரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. அண்ணன் காதுக்கு விடிவு வரும் என்று நம்பிக்கொண்டு போனாள். பாசம்தான், குறை சொல்ல முடியாது.

டாக்டருக்குப் பல வருஷமாகக் காது மந்தம். காதுக்குப் பின்னால் கொக்கி மாதிரி மாட்டுகிற பழைய ரகக் காது மிஷின் ஒன்று வைத்திருந்தார். அது நன்றாகவே வேலை செய்தது. அவருக்குத்தான் அதைப் பிடிக்கவில்லை. கண்ணாடி போட்டால் அறிவாளி என்கிறார்கள், காது மிஷின் போட்டால் கிழவன் என்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு முள். ஒலியார் அந்த முள்ளைக் கண்டுபிடித்துவிட்டார். முதல் நாளே மிஷினை வெகுநேரம் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்க காதுல ஒரு பழுதும் இல்ல டாக்டர். செத்த சத்தத்த கேக்க மாட்டேன்னு அது ஒதுங்கி நிக்குது. ரொம்ப சுத்தமான காது."

காது டாக்டர் ஒருவர் கோடு போட்டுப் படம் காட்டி, நரம்பு தளர்ந்துவிட்டது என்று ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார். தளர்ந்த நரம்பு யாருக்கு வேண்டும்? சுத்தமான காது என்றதும் பல் டாக்டரின் முகம் பரிசு வாங்கிய பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே மிஷின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. ஞாயிறு தவறாமல் வந்தால் காது தானாகத் திறக்கும் என்று ஒலியார் வாக்கும் கொடுத்துவிட்டார்.

வாக்குக் கொடுத்தவர் மாடியில் இருந்தார். மாட்டிக்கொண்டவள் டாக்டரின் மனைவி.

பல் ஆஸ்பத்திரியின் முன்னறை அவள் ராஜ்யம். வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது, கருவிகளைக் கொதிக்க வைப்பது, பயந்து ஓடப் பார்க்கிறவரைப் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பது எல்லாம் அவள்தான். நோயாளிகளுக்கு அவள் முன்னறையக்கா. இப்போது வீட்டில் அவள் எது கேட்டாலும் புருஷன் சிரித்தபடி தலையாட்டினார். சோப்பு தீர்ந்துவிட்டது என்றாலும் அதே சிரிப்பு, குழாய் உடைந்துவிட்டது என்றாலும் அதே சிரிப்பு. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஊரில் பாதி வீட்டில் மிஷினே தேவைப்படாத புருஷர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

ரொட்டிக்கடைக்காரர் விஷயத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஊசி போட்டாயிற்று, ஆனால் சரியாக மரத்துப் போகவில்லை. வாய் நிறைய டாக்டரின் விரலும் கண்ணாடியும் இருக்கும்போது மனிதன் எப்படிப் பேசுவான்? தொண்டையிலிருந்து ஒரு சத்தம்தான் வரும். காது கேட்கிற டாக்டர் அந்தச் சத்தத்தில் கையை எடுத்துவிடுவார். இவர் ஏதோ ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு சாவகாசமாகக் குடைந்துகொண்டே போனார். அலறல் முன்னறை வரை வந்தது. காத்திருந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். அவள் ஓடிப்போய்ப் புருஷனின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் அப்போதுதான் நோயாளியின் முகத்தைப் பார்த்தார். கன்னம் இரண்டும் கண்ணீர்.

"வலிச்சா சொல்லணும்ல?" என்று அன்பாகக் கேட்டார்.

அவளுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன. கல்யாணமான நாளிலிருந்து, என் வீட்டுக்காரர் கை பட்டால் வலிக்காது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வந்தவள் அவள். அன்று மாலை கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்குக் கேட்கும்படி தொண்டை கிழியச் சொன்னாள், நாளைக்கு அந்த நாற்காலியில் ஒரு குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்று. டாக்டர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் இன்னும் கொஞ்ச நாள்தான், காது திறக்கப் போகிறது, நடுவில் பயப்படக்கூடாது என்றார். அதோடு நிற்காமல், அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு தனக்கு விடுவிப்பு என்றும் அறிவித்தார்.

விடுவிப்பு என்றால், மின்சாரப் பொருளைக் கூட்டத்தின் நடுவில் வைத்துச் சுத்தியலால் உடைக்கிற சடங்கு. பழைய ரேடியோவும் தேய்ந்துபோன டேப் ரிகார்டரும் அங்கே தூள் தூளாகும். புத்தம் புதுக் கைபேசிகளுக்கு மட்டும் சுத்தியல் படாது. அவை 'மெதுவாக அடங்கட்டும்' என்று ஒலியாரின் சொந்தப் பெட்டிக்குப் போய்விடும். காது மிஷின் யாருக்கும் உதவாது என்பதால் அதற்குச் சுத்தியல்தான் என்று முடிவாகியிருந்தது. பழைய ரகம். அந்த மாதிரி இப்போது செய்வதே இல்லை. உடைந்தால் இந்தப் பிடிவாதக்காரர் இன்னொன்றை வாங்கி மாட்டுவாரா? மாட்ட மாட்டார். அது அவளுக்குத் தெரியும்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அதற்கு முந்தின ஞாயிறு அவளும் ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். எல்லோரும் கம்பளத்தில் மல்லாந்து படுத்தார்கள். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை. பட்டையை விலக்கிப் பார்ப்பது பெரும் பாவம்; இசைக்கிறவர் மேல் கண் பட்டால் ஒலி அழுக்காகிவிடுமாம். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்க இரண்டு தடியர்கள் சுற்றிவந்தார்கள். அவர்கள் பார்த்தால் மட்டும் ஒலி அழுக்காகாது போலிருக்கிறது. கஷாயம் வந்தது. வயிற்றுப்புண் என்று சொல்லி அவள் தப்பித்துக்கொண்டாள்.

திரைக்குப் பின்னாலிருந்து கிடார் வந்தது. நன்றாகவே இருந்தது என்பதை அவள் ஒப்புக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரர் ஞாபகம் இல்லையென்றால் கண்ணயர்ந்திருப்பாள். பாட்டு மேலே ஏறுகிற ஓர் இடத்தில் விரல் வழுக்கி, 'கிறீச்' என்று ஒரு சத்தம். பாவம், யாருக்கும் தவறத்தான் செய்யும் என்று நினைத்தாள். பாட்டு சுற்றி வந்தது. அதே இடத்தில் அதே கிறீச். மறுபடி சுற்றி வந்தது. மறுபடியும் அதே கிறீச், அதே நீளம், பின்னால் அதே சின்ன மூச்சு. அதற்குமேல் அவளுக்குத் தூக்கம் எங்கே வரும்?

கீழே இறங்கும்போது நாத்தனாரிடம் சொன்னாள்.

"செத்த இசை தப்பு பண்ணாது அண்ணி. தப்பு பண்றதுதான் உயிர்" என்றாள் நாத்தனார்.

"அதே தப்ப, அதே எடத்துல, மூணு தடவையா?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "அவ்வளவு பயிற்சி" என்றாள்.

நம்பிக்கை முற்றிவிட்டால் கேள்விக்கும் சாட்சி வேஷம் போட்டுவிடலாம். இதற்கு வாயால் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. சுவிட்ச் இருந்த அறையை மரச்சாமான் கடைக்காரர் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்; மேலும் பேட்டரி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது. திரையைக் கிழித்துக்கொண்டு ஓடலாம். இரண்டு தடியர்களும் அவளைத் தூக்கி வெளியே வைப்பார்கள், கூட்டம் கைதட்டும்.

மறுநாள் முன்னறையில் டெலிபோன் அடித்தது. ரிசீவரைக் காதில் வைத்தவள் எதிர்முனையில் பேசியவருக்குப் பதில் சொல்ல மறந்து அப்படியே நின்றாள். புருஷனின் பழைய திருட்டுத்தனம் ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மிஷினில் ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் மைக். காற்றில் வருகிற சத்தமெல்லாம் கேட்கும். மறுபக்கம் டெலிபோன், அப்போது மைக் அணைந்துவிடும். மனிதன் பேச்சு, கைத்தட்டல், இடி, எதுவும் அதில் ஏறாது. ரிசீவருக்குள் மின்சாரம் ஓடும்போது கசிகிற காந்தத்தை மட்டும் பிடித்துச் சத்தமாக்கும். வெளி இரைச்சல் இல்லாமல் டெலிபோனில் பேசுவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்தது. டாக்டர் அதை மனைவியின் பேச்சிலிருந்து ஒதுங்குவதற்கும் பயன்படுத்திக்கொண்டார். அவள் பாட்டுக்குத் திட்டிக்கொண்டிருப்பாள். அவர் சுவிட்சைத் தள்ளிவிட்டுப் புத்தர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கண்டுபிடித்த அன்று அவள் ஆடிய ஆட்டம் தனிக் கதை.

வீட்டுக்குப் போனதும் அவள் இழுப்பறையைத் திறந்தாள். மிஷினை எடுத்துத் தன் காதில் மாட்டி, சுவிட்சை டெலிபோன் பக்கம் தள்ளி, இன்னொரு காதில் ஆஸ்பத்திரிப் பஞ்சைத் திணித்துக்கொண்டாள். தட்டில் கரண்டியால் தட்டினாள். மிஷின் வாயைத் திறக்கவில்லை. கைதட்டினாள். இல்லை. ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். 'கும்' என்று உறுமியது. ரேடியோவின் பக்கத்தில் குனிந்தாள். செய்தி வாசிக்கிறவள் மூளைக்குள் உட்கார்ந்து வாசித்தாள். உலகத்தில் மின்சாரத்தை மட்டுமே கேட்கிற காது ஒன்று இத்தனை வருஷமாக வீட்டு இழுப்பறையில் கிடந்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பஞ்சு வைத்திருந்ததால் அந்தச் சிரிப்பு அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

விடுவிப்பு ஞாயிறு வந்தது. உடைக்கப் போகிற பொருளுக்கு மட்டும் உள்ளே வர அனுமதி உண்டு. அதனால் காது மிஷின், டாக்டரின் சட்டைப்பையில், ராஜமரியாதையோடு படியேறியது.

கஷாயத்துக்கு முன்னாலேயே சடங்கு. நடுவில் ஒரு மரக்கட்டை, பக்கத்தில் சுத்தியல். சாகப் போகிற மிஷினுக்கு ஆறுதலாகத் திரைக்குப் பின்னால் கிடார் வாசிப்பு தொடங்கிவிட்டது. டாக்டர் எழுந்தார். அவள் கூடவே எழுந்து, கடைசியாக ஒரு தடவை அதைத் தன் கையில் தரும்படி கேட்டாள். இத்தனை நாள் வீட்டில் இருந்த பொருள் அல்லவா என்றாள். ஒலியார் பெரிய மனசு பண்ணித் தலையசைத்தார்.

மிஷின் கைக்கு வந்ததும் அவள் குரல் மாறியது. முன்னறையில் கூட்டத்தை உட்கார வைக்கிற குரல். இந்தச் சுவிட்ச் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் விளங்கச் சொல்லிவிட்டு, அதை டெலிபோன் பக்கம் தள்ளி, மிஷினை வரி அதிகாரியின் காதில் மாட்டினாள். அடுத்த காதில் பஞ்சு. பேராசிரியர் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார். மிஷினில் ஒன்றும் வரவில்லை என்று அதிகாரி கையை விரித்தார். நாத்தனார் கைதட்டினாள். அதுவும் வரவில்லை. ஒயரை ஒளிக்க அந்தக் கூடத்தில் வேறு இடமில்லை என்று அவள் ஊகித்திருந்தாள்; பிறகு அவரைப் படுக்கச் சொல்லி, காதைக் கம்பளத்தோடு வைக்கச் சொன்னாள்.

வரி அதிகாரியின் முகம் மாறியது. "கிடார்" என்றார். "மிஷினுக்குள்ள கிடார் கேக்குது. எதிர்ல வாசிக்கற மாதிரி கேக்குது."

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மிஷின் கேட்பது மின்சாரத்தை மட்டும்தான், அப்படியென்றால் திரைக்குப் பின்னால் இருப்பது என்னவென்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றாள். வெற்றி என்றுதான் நினைத்தாள்.

ஒலியாருக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தேவைப்பட்டது. இரண்டு கையையும் தூக்கினார்.

"பாத்தீங்களா? செத்த மிஷினுக்கே உயிர் வந்துடுச்சு. எதையும் கேக்காத மிஷின் என் இசையக் கேட்டுச்சு. உயிருள்ள ஒலி பிணத்தயும் எழுப்பும்னு நான் சொல்லல?"

கூட்டம் குலுங்கிப் போனது. பேராசிரியர் அழுதார். நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு, உங்க கையாலதான் இது நடக்கணும்னு இருந்திருக்கு என்றாள். டாக்டர் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கொண்டு வந்த ஆதாரம் அவள் கண் முன்னாலேயே ஒலியாருக்கு விளம்பரமாகிவிட்டது. மிஷினின் ஆத்மா கரையேறிவிட்டது, இனி உடலுக்கு வேலையில்லை, உடைத்துவிடலாம் என்று ஒலியார் சுத்தியலை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தார்.

அவள் மிஷினை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். தோற்றுவிட்டால் இந்த மனிதர் இனி யார் அலறினாலும் கேட்காமல் குடைந்துகொண்டே இருப்பார் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பில் யோசனையும் வந்தது.

"அதிசயம்தாங்க, ஒத்துக்கறேன்" என்றாள். "திரைக்குப் பின்னாடி இருந்தே எழுப்பின கிடார், பக்கத்துல வந்து வாசிச்சா இன்னும் நல்லா எழுப்பணுமே. இங்க வந்து வாசிக்கச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் காதுலயே மாட்டி விடறேன்."

ஒலியார் மறுத்தார். கண் பட்டால் ஒலி அழுக்காகும் என்றார். ஆனால் ஒரு அதிசயத்தை ருசி பார்த்த கூட்டம் அதோடு நிற்குமா? இன்னொன்று வேண்டும் என்றது. வக்கீல் கேட்டார், வரி அதிகாரி கேட்டார், எல்லோரையும் விடச் சத்தமாக நாத்தனார் கேட்டாள். பக்தர்களே இப்படிக் கழுத்தைப் பிடிப்பார்கள் என்று பாவம், அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தட்டு தட்டினார், இசை நின்றது. திரைக்குப் பின்னால் போய் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, கிடாரும் கையுமாக ஒரு பெண்ணை அழைத்து வந்தார். ஒடிசலான உடம்பு, தூக்கமில்லாத கண்.

டாக்டர் கம்பளத்தில் காதை வைத்துப் படுத்தார். மிஷினின் சுவிட்ச் இன்னும் டெலிபோன் பக்கம்தான் தள்ளியிருந்தது. கிடார்காரி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வாசித்தாள். அதே பாட்டு, கூட்டம் முழுக்கக் கேட்டது.

டாக்டர் பொறுமையாகப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

வக்கீல் கிடார் பக்கம் கையைக் காட்டினார். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து உட்கார்ந்தார். நகர்ந்து நகர்ந்து போய்க் கிடாரின் மரத்திலேயே மிஷினை வைத்துப் பார்த்தார். விரல் ஓடுகிறது, கம்பி நடுங்குகிறது, மிஷினில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து பிணத்தை எழுப்பிய இசை, மூக்குக்கு நேராக வந்ததும் எறும்பைக்கூட எழுப்பவில்லை.

அவள் குனிந்து, புருஷன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, சுவிட்சை மைக் பக்கம் தள்ளினாள்.

டாக்டர் உடம்பு தூக்கிப் போட்டது. கிடார் கேட்டது. கிடாருக்குப் பின்னால் யாரோ இருமியது கேட்டது. தெருவில் ஒரு வண்டி போவது கேட்டது.

"கேக்குதா?" என்றாள் அவள், கத்தாமல்.

"கேக்குது" என்றார். அவர் கண் கலங்கியது. அந்தக் குரலை இத்தனை வாரம் கேட்காமல் எப்படி இருந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

சந்தேகப்பட்டவர்களின் மூச்சுக்காற்றால் ஒலி கெட்டுவிட்டது என்று ஒலியார் ஆரம்பித்தார். அவரை முடிக்க விடாமல் கிடார்காரி கிடாரைக் கீழே வைத்தாள்.

"அந்த கிறீச் நான் ஒரே ஒரு தடவ பண்ண தப்பு" என்றாள். "அன்னைக்கு பாத்து அத ரிகார்ட் பண்ணிட்டார். அதுக்கப்புறம் கிடார மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காருன்னுட்டார். வாராவாரம் என் தப்ப நானே உக்காந்து கேக்கறேன். இதுக்கு மேல என்னால முடியாதுங்க."

வக்கீல் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினார். அடியில் ஒயர் பாம்பு மாதிரி அறையைச் சுற்றி ஓடியது. பேராசிரியர் மூலை முரசின் தோலைக் கிழித்தார். உள்ளே ஸ்பீக்கர் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்று முரசிலும் அதன் உடன்பிறப்புகள். கஷாயமாவது நிஜமா என்று யாரோ கேட்டார்கள். கடையில் வாங்குகிற சமையல் காளானும் அதிமதுரமும்தான், கசப்புக்குக் காபித்தூள், நான்தான் போடுகிறேன் என்றாள் கிடார்காரி. அப்படியானால் அந்த ஏழு தலை எங்கிருந்து வந்தது என்று வரி அதிகாரி திகைத்தார். அவரோடு தலையணை தூக்கி வந்திருந்த மனைவி பக்கத்திலேயே இருந்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

இந்தக் கலவரத்தில் தடியர்கள் இருவரும் காணாமல் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலியாரும் பின்படி வழியாக, சத்தமே இல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அவர் வாழ்க்கையில் மின்சாரத்தின் துணையில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

டாக்டர் மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். மனைவியிடம், "அந்த ரொட்டிக்கடைக்காரர் அன்னைக்கு கத்தினாரா?" என்று கேட்டார். கத்தினார் என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். காத்திருந்தவர்கள் செருப்பைத் தேடுகிற வரைக்கும் என்றாள். நாளைக் காலை முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறேன் என்றார் டாக்டர். காலில் விழ வேண்டாம், அந்தப் பல்லை வலிக்காமல் அடைத்துக் கொடுங்கள், போதும் என்றாள். கோபம் இன்னும் இருந்தது. ஆனாலும் அவர் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் திரும்பிப் பார்த்தபோது கூட்டம் கலையாமல் நின்றது. தலையணையும் கையுமாக, ஒருவர் பின் ஒருவராக, அவளுக்கு முன்னால் வரிசை கட்டியிருந்தார்கள். முதல் ஆளாக நாத்தனார். மிஷினைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாமா அண்ணி என்று பயபக்தியோடு கேட்டாள். அவளுக்குப் பின்னால் பேராசிரியர், வீட்டில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது, அது சுத்தமா என்று மிஷினை வைத்துச் சொல்ல வேண்டும் என்றார். வரி அதிகாரி சட்டைப் பித்தானைக் கழற்றி நெஞ்சைத் திறந்து காட்டி, தன் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த மிஷினால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். இனி எந்த ஞாயிறு வரலாம் என்றார் வக்கீல்.

முன்னறையக்கா அந்த வரிசையைக் கடைசி வரை பார்த்தாள். பிறகு புருஷனின் காதைக் காட்டிச் சொன்னாள்:

"இது காது மிஷினுங்க. காது மந்தமா இருக்கறவங்களுக்கு கடையில கெடைக்குது. யோசிக்கறதுக்கு இன்னும் மிஷின் வரல. வர்ற வரைக்கும் அவங்கவங்க தலையத்தான் உபயோகிக்கணும். புதுசா இருக்கும், மொதல்ல கொஞ்சம் வலிக்கும். வலிச்சா பரவால்ல, உபயோகிங்க."